ஓடையில் பிறந்த வெளிச்சம்

ஓட்டமாவடி தட்டையான ஊர். பாலத்தின் கீழே வாவி நீர் பரந்து கிடக்கும். விழுவதற்கு அதற்குப் பள்ளம் இல்லை. எங்களுக்கு மின்சாரம் என்றால் 1969இல் உருவான இலங்கை மின்சார சபையின் கம்பிதான். அதனாலோ என்னவோ, இரத்தினபுரி, கேகாலை மலைக்கிராமங்கள் ஓடை நீரிலிருந்து தாமே உண்டாக்கிய மின்சாரத்தின் மீது எனக்குத் தீராத வியப்பு.

1990களில் கம்பி எட்டாத அந்த ஊர்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்தன. சிரமதானமாக வாய்க்கால் வெட்டினார்கள், குழாய் சுமந்தார்கள். 1997இல் தொடங்கிய உலக வங்கித் திட்டமொன்று கடனுக்கு வழிசெய்தது.

நான் மிகவும் ரசிப்பது அந்தக் குழாய் வந்துசேரும் சிறிய இயந்திர அறையை. அங்கே மின்பிறப்பாக்கியாக நிற்பது பெரும்பாலும் சாதாரண மோட்டார். கொள்ளளவிகளை இணைத்து, விழும் நீரால் அதன் தண்டை வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சுழற்றினால், மின்சாரம் உண்ணும் மோட்டாரே மின்சாரம் தரும். எவ்வளவு அழகான யோசனை! இரவில் வீடுகள் விளக்கணைக்கும்போது மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு சூடாக்கிக்குத் திருப்பிவிடும். இல்லாவிட்டால் மின்னழுத்தம் ஏறி, ஊரிலுள்ள மின்குமிழ்கள் எரிந்துபோகும்.

வீட்டுக்குச் சில நூறு வாட் மட்டுமே. ஒருவர் கூடுதலாக இழுத்தால் அடுத்த வீட்டு விளக்கு மங்கும். அளவைச் சங்கமே தீர்மானித்தது.

பின்னர் மின்சார சபைக் கம்பி வந்து சேர, பல சங்கங்கள் ஓய்ந்தன. அந்த அறைகளில் ஒரு சிலவற்றையாவது ஓடும் நிலையில் பேணி, எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்.