அக்கா பாட்டு

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் மாமாவின் கையெழுத்தில் 'அக்கா பாட்டு' என்று எழுதியிருக்கும். அக்கா என்றால் என் பெரியம்மா. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாரும் அழித்துவிடக் கூடாது என்று மாமா அந்தக் கேசட்டின் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தடுப்பை உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்று பள்ளித்தோழி சொல்லிக்கொடுத்தாள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் நான் அதன்மேல் சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன்.

2023இல் வெளிவந்த 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற இசைத்தொகுப்பை என் மகள் கேட்கக் கொடுத்தபோது, இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் கேசட் நினைவுக்கு வந்தது.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மின்னணு இசைக்கூடம் தொடங்கப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் ட்யூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகி, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒலி எழுப்பும் கருவி அது. பியானோவைப் போல ஒலியைப் 12 படிகளுக்குள் அடைத்து வைக்காது; ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். கமகத்தில் வளர்ந்த காதுக்கு இதன் அருமை புரியும். 1972 வரை அங்கே பதிவான ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. லண்டனில் வாழும் கலைஞர் பால் பர்கஸ் அவற்றை எடுத்துத் தொகுத்தார்.

அந்தத் தொகுப்பில் இடம்பெறும் ஒரே பெண் கீதா சாராபாய். ஆண்கள் இசைத்தவற்றுக்கு 'ஸ்பேஸ் லைனர் 2001' போல விண்வெளியை எட்டும் தலைப்புகள் உண்டு. கீதாவின் இசைக்குத் தலைப்பு, 'கீதாபென்னின் இசையமைப்பு'. குஜராத்தியில் பென் என்றால் சகோதரி. மரியாதைச் சொல்தான், மறுக்கவில்லை. ஆண்களுக்கும் அங்கே 'பாய்' என்று உண்டு. ஆனால் எந்த ஆணின் இசையும் 'பாய்' என்ற சொல்லோடு தலைப்பாகவில்லை.

யார் இந்தக் கீதா? பெண்கள் தொடாத பக்கவாஜை முறையாகக் கற்று வாசித்தவர். 1946இல் நியூயார்க் சென்று ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை பயின்றார்; பதிலுக்கு அவருக்கு இந்திய இசை கற்பித்தார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனதை அமைதிப்படுத்தத்தான் என்று தன் குரு சொன்னதைச் சொன்னார். அந்தப் பதில் கேஜின் போக்கையே மாற்றியது. அவரே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1949இல் அகமதாபாத்தில் சங்கீத் கேந்திராவை நிறுவியவரும் கீதாதான். இருந்தும் இசை வரலாற்று நூல்களில் அவர் கேஜைச் சந்தித்த இந்தியப் பெண்ணாகவே வருகிறார். மற்ற இடங்களில் விக்ரம் சாராபாயின் தங்கை.

அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் எழுந்த பரிசோதனை இசையை ஆங்கிலப் பத்திரிகைகள் க்ரவுட்ராக் என்று அழைத்தன. அங்கும் இதே கதைதான். போப்பல் வூ குழுவின் 1972ஆம் ஆண்டுத் தொகுப்பு 'ஹோசியானா மந்த்ரா'வில் பாடியவர் கொரியப் பெண் ஜோங் யுன். அவரை அறிமுகப்படுத்துகிறவர்கள் இசையமைப்பாளர் ஈசாங் யுன்னின் மகள் என்று சொல்லாமல் விடுவதில்லை.

அரிய இசைத்தட்டுகளைத் தேடுகிறவர்களிடம் 'கண்டுபிடிப்பு' என்ற சொல் அடிக்கடி புழங்குகிறது. ரூபா பிஸ்வாஸ் 1982இல் 'டிஸ்கோ ஜாஸ்' என்ற இசைத்தட்டில் பாடினார். அது விற்கவில்லை. 2019இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதை மறுபடி வெளியிட்டபோது உலகமே அவரைக் கண்டுபிடித்துக் கொண்டாடியது. அவர் எங்கும் தொலைந்துபோகவில்லை; குடும்பத்தோடு வங்காளத்தில்தான் இருந்தார். 'மறைந்து கிடந்த' என்று ஒரு பெண்ணின் படைப்பைச் சொல்லும்போதெல்லாம், யார் கண்ணுக்கு மறைந்து கிடந்தது என்று நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீதாவின் ஒலிநாடா பிழைத்ததற்கு அவரது இசை மட்டும் காரணமல்ல. அவர் துணி ஆலை அதிபர் வீட்டுப் பெண். அந்த வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியதில் அவர் அண்ணன் கௌதமுக்கும் தங்கை கிராவுக்கும் பெரும்பங்கு உண்டு. நாடாவை வைக்க அலமாரியும் காக்க ஆளும் இருந்தார்கள். அவ்வளவு இருந்தும் தலைப்பில் மிஞ்சியது 'பென்'. பரணில் பிஸ்கட் டப்பா மட்டுமே இருந்த வீட்டுப் பெண்களின் குரலைத் தேட எந்த ஊர்க் கலைஞர் விமானம் ஏறுவார்?

கீதாவின் இசையை முதல்முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தாளத்தைத் தேடினேன், ராகத்தைத் தேடினேன். நாலாவது முறை எதையும் தேடாமல் கேட்டேன். தனக்குக் கிடைத்த ஒரு புதுக் கருவியின் முன்னால், யாருக்கும் கச்சேரி செய்ய வேண்டிய கட்டாயமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு நடுவயதுப் பெண்ணை உணர முடிந்தது. இந்தத் தொகுப்பின் மதிப்பு எனக்கு அதில்தான் இருக்கிறது. அது அரியது என்பதில் இல்லை.

போன மாதம் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் சினிமாப் பாட்டு முடிந்தபின் சில விநாடிகள் பெரியம்மாவின் குரல் இருக்கிறது. அதை அழித்தது ஆணாதிக்கம் மட்டுமல்ல, நானும்தான். அதைக் கேட்கத் தகுந்த இசை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மேலே வேறு தாள் ஒட்டி அவர் பெயரை எழுத உட்கார்ந்தேன். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருந்தது வேறொன்று. பாடும்போது ஊரார் அவரை எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "அக்கான்னுதான்" என்றார்.

இரண்டு பெயர்களையும் எழுதினேன்.