மூன்று துளைகளின் நயம்

பவுலிங் ஆட்டத்தில் பத்துப் பின்களும் சரிவதைவிட, பந்து அவற்றை நெருங்கும் கடைசி இருபது அடிதான் எனக்கு ருசி. அதுவரை எண்ணெயில் சறுக்கிக்கொண்டு, ஓரத்துக் கால்வாயில் விழப்போகிறது என்று நினைக்கவைத்த பந்து, உலர்ந்த பலகையைத் தொட்டதும் உள்ளே திரும்பும். சில பந்துகள் வெட்டித் திரும்பும். சில, எங்கே திரும்பத் தொடங்கின என்றே சொல்ல முடியாதபடி வளைந்து வரும். ஒரே மாடல், ஒரே எடை, வீசியதும் ஒரே கைதான். அப்படியும் இரண்டு பந்துகள் இரண்டு விதமாகத் திரும்புகின்றன. விரல் நுழைக்கும் துளைகளை எந்த இடத்தில் போட்டார்கள் என்பது அங்கே தெரிகிறது.

முதலில் லேன் எனும் ஆடுகளத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் 39 பலகை, ஏறத்தாழ மூன்றரை அடி. முதல் 40 அடி வாக்கில் எண்ணெய் பூசியிருப்பார்கள். வழக்கமான முறையில் நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெலிதாகவும். வலது கை ஆட்டக்காரரின் பந்து முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில் சுமார் 6 டிகிரி சாய்வில் நுழைந்தால், பத்தும் ஒரே வீச்சில் சரியும் ஸ்ட்ரைக்குக்கு வாய்ப்பு மிக அதிகம். லேனின் ஓரத்திலிருந்தே நேர்கோட்டில் வீசினாலும் 2 டிகிரிகூடத் தேறாது. ஆகவே பந்து வளைந்தே தீரவேண்டும்.

இங்கே ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பந்தின் சுற்றளவு 27 அங்குலம். சறுக்காமல் உருண்டால் 60 அடியைக் கடக்க 26, 27 சுற்று வேண்டும். நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் கையை விட்ட பந்து, இரண்டரை விநாடிக்குள் பின்களை அடையும்போது அதில் பாதியளவுதான் சுற்றியிருக்கும். மீதித் தூரமெல்லாம் சறுக்கல். விரல்கள் கொடுத்த சுழற்சியை எண்ணெய் செலவாகாமல் காத்துக் கொண்டுபோகிறது. உலர்ந்த இடம் அதைச் செலவழிக்கிறது. எங்கே, எவ்வளவு அவசரமாகச் செலவாகும் என்பதில்தான் துளையிடுபவரின் கை இருக்கிறது.

மகாராஜபுரம், வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து ராஜபாளையம் மில்களுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஆசை. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் ஸ்பிண்டில் ஆடினால் நூல் அறுந்துவிடும். சுழல்கிற பொருள் ஆடக் கூடாது என்பதே அங்கே தொழிலின் ஒழுக்கம். பவுலிங் பந்தையோ ஆட வேண்டும் என்றே செய்கிறார்கள். எவ்வளவு ஆட வேண்டும் என்று அளவும் வைத்திருக்கிறார்கள்.

பந்து ஒரே சீரான உருண்டை இல்லை. உள்ளே கனமான கோர் ஒன்று புதைந்திருக்கிறது; பழைய பல்பு வடிவம் பிரபலம். அதன் தலை எங்கே என்று காட்ட, பந்தின் மேல் ஒரு சிறு வண்ணப் புள்ளி இருக்கும். கோரின் நீளவாக்கில் சுழற்றினால் பந்து சுலபமாகச் சுழலும், குறுக்குவாக்கில் சுழற்றினால் சற்றுத் தயங்கும். இந்தத் தயக்கத்தை அளக்கும் சுழற்சி ஆரத்தில் இரண்டுக்குமான வேறுபாடு 0.060 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒன்றரை மில்லிமீட்டர்! கண்ணுக்குத் தெரிகிற அத்தனை நாடகமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஒவ்வொருவர் கையும் பந்தைத் தனக்கே உரிய ஓர் அச்சில் சுழற்றிவிடும். துளையிடுபவர் முதலில் அந்த அச்சின் முனையைத் தேடுகிறார். பந்தின் பக்கவாட்டில், உத்தேசமாக ஓரிடத்தில் வெள்ளை டேப் துண்டு ஒன்றை ஒட்டி வீசச் சொல்கிறார். டேப் வட்டமிட்டால் இடம் தப்பு. இடம்மாற்றி ஒட்டிப் பார்க்கிறார். பந்து கையை விட்ட கணத்தில் டேப் நின்ற இடத்திலேயே நின்று சுழன்றால் அதுதான் அச்சுமுனை. பிறகு புள்ளிக்கும் அச்சுமுனைக்கும் நடுவே எத்தனை அங்குலம் விடலாம் என்று முடிவு செய்கிறார். துளைகள் அந்த முடிவின்படிதான் விழுகின்றன.

புள்ளி அச்சுமுனையின் மேலேயே இருந்தால் கோர் நிம்மதியாகச் சுழலும். 6¾ அங்குலம், அதாவது பந்தின் கால் சுற்று தள்ளியிருந்தாலும் அப்படியே. இரண்டுக்கும் நட்டநடுவே, 3⅜ அங்குலத்தில் வைத்தால்தான் கோர் சாய்ந்து கிடந்து நிலைகொள்ளாமல் தவிக்கும். பந்து ஓட ஓட அச்சு கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயரும்.

இடம்பெயர்ந்தால் என்ன? லேனிலிருந்து திரும்பி வந்த பந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் வளையங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விரிந்திருக்கும். எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் பந்து எண்ணெய் படாத புதுத் தோலைத் தரையில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். புதுத் தோலுக்குப் பிடிப்பு அதிகம். மால்களில் வாடகைக்குக் கொடுக்கும் பாலியெஸ்டர் பந்தில் ஒரே வளையம்தான் திரும்பத் திரும்ப விழும். அது எண்ணெய் பூசிய அதே தோலில் வழுக்கிக்கொண்டே போகும்.

புள்ளியை நடுவிரல், மோதிரவிரல் துளைகளுக்கு மேலே வைத்தால் பந்து நீளமாகச் சறுக்கி, கடைசியில் சட்டென்று வெட்டும். கீழே வைத்தால் முன்கூட்டியே உருளத் தொடங்கி, சீராக வளையும். கூட்டம் கைதட்டுவது முதல் வகைக்கு. என் மனம் இரண்டாவதில். அந்த வளைவில் பந்து எந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதைக் கண் கடைசிவரை தொடர முடிகிறது.

துளை என்பது எடுத்துவிட்ட எடையும்தானே. கோரின் தலைப் பக்கத்தில் விரல் துளை விழுந்தால் அந்த ஆர வேறுபாடு குறைந்து, வளையங்கள் நெருங்கும். குறுக்கு அச்சின் பக்கம் கட்டைவிரல் துளை இறங்கினால் வேறுபாடு கூடி, வளையங்கள் விரியும். புள்ளியின் தூரத்தோடு இரண்டு கோணங்களைச் சேர்த்து இதையெல்லாம் ஒரே கணக்காக்கிக் கொடுத்தவர் அமெரிக்கக் கோர் வடிவமைப்பாளர் மோ பினெல். 2021இல் காலமானார். அமெரிக்காவில் 2020 ஆகஸ்ட் வரை, எடையைச் சரிக்கட்ட விரல் நுழையாத நான்காவது துளை ஒன்றும் போட்டுக்கொள்ள முடிந்தது. பிறகு அதைத் தடை செய்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் முடிவிலேயே சரியாக இருக்கவேண்டிய கட்டாயம் துளையிடுபவருக்கு வந்தது.

துளையே எல்லாம் என்று சொல்ல மாட்டேன். பந்தின் தோல் எதனால் ஆனது, அதை எந்த உப்புத்தாளால் தேய்த்தார்கள் என்பதற்கே வலு அதிகம். தோல் எவ்வளவு வளைவு என்று தீர்மானிக்கிறது. துளையமைப்பு அந்த வளைவுக்கு உருவம் கொடுக்கிறது. நான் பார்த்து ரசிப்பது அந்த உருவத்தைத்தான்.

தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் பலமுறை தேசியப் பட்டம் வென்றவர். அந்த நிலையில் ஆடுகிறவர்கள் ஒரு பந்தோடு வருவதில்லை. ஆட்டம் ஏற ஏற, பந்துகளே எண்ணெயைத் துடைத்து, சிறிது முன்னே இழுத்தும் சென்றுவிடும். காலையில் சரியாகத் திரும்பிய பந்து மத்தியானம் முன்னதாகவே திரும்பி எதிர்ப் பக்கம் போய்விடும். அப்போது ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை இரண்டு பலகை மாற்றலாம், அல்லது வேறு துளையமைப்புள்ள பந்தை எடுக்கலாம். அந்தத் தேர்வைச் செய்யுமுன் அவர் திரும்பி வந்த பந்தைக் கையில் உருட்டி, வளையங்களைப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பார். ஒளிபரப்பில் கேமரா அந்த நேரத்தில் ஸ்கோர் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கும். பந்து திரும்பி வரும் இடத்திலும் ஒரு கேமரா வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.