எண்ணாயிரம் ஏடுகளும் இன்றைய வீடியோ கேம்களும்

தமிழிலே பெருங்காப்பியம் என்று ஒரு வகை, தனிப்பாடல் என்று ஒரு வகை. முன்னதற்குப் புரவலன் வேண்டும், அவை வேண்டும். பின்னதற்கு ஓர் ஓலையும் எழுத்தாணியும் போதும். நம் பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்களே வீடியோ கேம், அதிலும் இப்போது இந்த இரண்டு வகையும் வந்தாச்சு.

பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துப் பல வருஷம் உழைத்து ஒன்றை வெளியிடுகின்றன. 2023-ல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' ஆட்டத்துக்குச் சுமார் 30 கோடி டாலர் செலவானதாக, வெளியே கசிந்த கணக்குகள் காட்டின. மறுபக்கம் நாலு பேர், சில சமயம் ஒரே ஆள். 2016-ல் வந்த 'ஸ்டார்ட்யூ வேலி' ஆட்டத்துக்குப் படம், இசை, நிரல் எல்லாம் எரிக் பரோன் என்ற ஒருவரே செய்தது. இவர்களுக்கு 'இண்டி' என்று பெயர். ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2017 முதல் 100 டாலர் கட்டினால் யாரும் தம் சரக்கை வைக்கலாம். 2024-ல் மட்டும் அங்கே வந்து இறங்கியவை 18,000-க்கும் மேல். பெரும்பாலும் இண்டி சரக்குதான்.

இப்படிக் குவிந்தால் தரம் எங்கே என்று கேட்பார் உண்டு. கேட்க வேண்டியதுதான். அதற்கு முன் நம் புணேயில் நடந்ததைச் சொல்றேன்.

நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற புணேக் குழு, 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் நிதி கேட்டது. இலக்கு எட்டவில்லை. அப்படியும் விடாமல் 2020 ஆகஸ்டில் 'ராஜி' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம், தன் புணே, மும்பைக் கூடங்கள் 2003-ஆம் வருஷத்து 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஆட்டத்தைப் புதுப்பிப்பதாக அறிவித்தது. முன்னோட்டம் பார்த்தவர்கள் படம் பழசாக இருக்கிறதே என்று ஏசினார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போய், 2022-ல் வேலையே மாண்ட்ரியல் கூடத்துக்குப் போயிற்று.

இங்குள்ள பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரஞ்சன்காவ் எம்.ஐ.டி.சி.யில் கடை வைத்திருப்பவனுக்கு இது பழகின சங்கதி. பெரிய ஆலையிலிருந்து வரைபடம் வரும். சிறு பட்டறைக்காரன் அதன்படி ஒரு பாகத்தைக் கடைந்து கொடுப்பான். இம்மி பிசகாது. ஆனால் முழு வண்டி எப்படி இருக்கணும் என்று அவனை யாரும் கேட்பதில்லை. 'ராஜி'யில் முழு வண்டியும் அவர்களுடையது. தம்பி கோலுவைத் தேடிப் போகும் அக்காள், கதை சொல்லும் துர்க்கையும் திருமாலும், ராஜஸ்தானத்து முற்றங்கள், தோல்பாவை நிழலாட்டம், சுவர்ச் சித்திரங்கள். சண்டை ஒரு கட்டத்துக்கு மேல் சலிக்கிறது, முடிவும் சட்டென்று அறுந்து நிற்கிறது. குறைதான். ஆனாலும் அது அவர்களுடைய குறை, வாங்கி வந்ததல்ல.

நாலடியார் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். 8000 சமண முனிவர்கள் ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துப் போக, பாண்டியன் ஏடுகளை வையையில் எறியச் சொன்னான். எதிரேறி வந்தவை 400. கதைதான், ஆனால் ஒரு கேள்வி. முனிவர்கள் 40 பாட்டோடு நிறுத்தியிருந்தால் 400 எங்கிருந்து வரும்? இந்தக் குவியலைப் பழிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. எனக்குக் கவலை குவியலைப் பற்றியல்ல, ஆற்றைப் பற்றி. அந்த வையைக்கு விளம்பரக் காசு தெரியாது. இன்றைய ஆற்றுக்கு அது நன்றாகவே தெரியும். 'ராஜி' 2020-ல் அமெரிக்காவின் கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் ஏறியது. 2023-ல் நெட்ஃபிளிக்ஸ் வழியாகக் கைபேசிக்கும் வந்தது. ஷிப்டு முடிந்து என் கடைக்கு வரும் நம் தமிழ்ப் பையன்களைக் கேட்டுப் பார்த்தேன். கையில் சுட்டுத் தள்ளும் ஆட்டம்; ஐம்பது கிலோமீட்டரில் உண்டான 'ராஜி'யை ஒருத்தனும் கேள்விப்படவில்லை.

எதிரேறிய இன்னொன்று, பெயரே 'வெண்பா'. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியும், தமிழைக் கூச்சத்தோடு தள்ளிவைக்கும் மகன் கவினும்தான் கதை. நம் சங்கத்தில் பாதி வீட்டுக் கதை! அம்மாவின் கிழிந்த சமையல் ஏட்டை வைத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். வெட்டு இல்லை, குத்து இல்லை. (பிரியாணி அத்தியாயத்தை மட்டும் பேரனிடம் விட்டுவிட்டு நான் எழுந்து போனேன்.) 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அறிமுக ஆட்டப் பரிசும், இண்டி ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதற்பரிசும் இதற்கே கிடைத்தன. முப்பது கோடி டாலர் போடுகிறவன் இட்லிப் பானையை நம்பிப் பணம் போடுவானா, சொல்லுங்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துபோகிறதே, காசு தண்டம் என்று பேரன் முதலில் முணுமுணுத்தான். மணிக்கு இத்தனை ரூபாய் என்று எடை போட்டால் அவன் கணக்கு சரி. ஆனால் இட்லித் தட்டு அடுக்கும் இடத்தில், ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழி வராமல் மாற்றி வைக்கணும், அப்போதுதான் ஆவி ஏறும். மூன்று தடவை தப்பாக அடுக்கினான். பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அடுக்களைக்குப் போய்ப் பாட்டியைக் கேட்டான், தமிழில்.