வாசலும் நீரும்: ஜான் பனியனின் சபை ஐக்கியச் சிந்தனையும் எழில் மாளிகைக் காட்சியும்

ஆய்வுச்சுருக்கம்

‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் அறியப்படும் கதையின் ஆசிரியராகவே ஜான் பனியன் (1628–1688) தமிழில் நினைக்கப்படுகிறார். ஞானஸ்நானத்துக்கும் சபை ஐக்கியத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 1672 முதல் 1674 வரை அவர் எழுதிய மூன்று வாதநூல்கள் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை. அந்நூல்களின் மையக் கருத்தை எடுத்துரைத்து, அது கதையின் எழில் மாளிகைக் காட்சியில் எவ்வாறு உருப்பெற்றுள்ளது என்பதையும், ஞானஸ்நானம் வேறொரு பொருள் கொண்ட தமிழ்ச் சூழலில் அவ்வாதம் எந்த அளவுக்குச் செல்லும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பனியன், ஞானஸ்நானம், ஐக்கியம், திருவிருந்து, எழில் மாளிகை, இரட்சணிய யாத்திரிகம்

பெட்ஃபோர்டு சபையின் தோற்றம்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரில் 1650ஆம் ஆண்டில் ஒரு சிறு சபை கூடிற்று. அதன் முதல் போதகர் ஜான் கிஃபோர்டு. உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பில் நின்ற படைத்தலைவராகவும் பின்னர் மருத்துவராகவும் இருந்தவர் அவர். கிறிஸ்துவின் மீதுள்ள விசுவாசமும் வாழ்வின் தூய்மையும் இருந்தால் போதும், புறச்சடங்குகள் குறித்த கருத்து வேறுபாடு எவரையும் விலக்காது என்னும் அடிப்படையில் இச்சபை ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. 1655இல் இறக்கும் தறுவாயில் கிஃபோர்டு சபைக்கு எழுதிய கடிதம் சபையின் ஏட்டில் படியெடுத்து வைக்கப்பட்டது. ஞானஸ்நானம், கை வைத்தல், எண்ணெய் பூசுதல், சங்கீதம் பாடுதல் போன்றவற்றை முன்னிட்டு ஒருவரும் சபையைப் பிரிக்கலாகாது என்பது அதன் வேண்டுகோள். சங்கீதம் பாடுவதையும் ஞானஸ்நானத்தையும் ஒரே வரிசையில் வைக்கும் அக்கடிதத்தின் துணிவு நோக்கத்தக்கது.

எல்ஸ்டோ ஊரில் பாத்திரம் செப்பனிடும் குடும்பத்தில் பிறந்த பனியன் இச்சபையில்தான் வளர்ந்தார். அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தார். சிறைவாசம் முடியும் தறுவாயில், 1672 ஜனவரியில், சபை அவரைப் போதகராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டே தம் விசுவாச அறிக்கையையும் தம் நடைமுறைக்கான நியாயத்தையும் சேர்த்து ஒரு நூலாக வெளியிட்டார். அதற்கு எழுந்த மறுப்புகளுக்குப் பதிலாக 1673இல் ஒரு நூலும் 1674இல் மற்றொரு நூலும் எழுதினார். 1673ஆம் ஆண்டு நூலின் தலைப்பே வாதத்தின் சுருக்கம்: தண்ணீர் ஞானஸ்நானம் பற்றிய கருத்து வேறுபாடு ஐக்கியத்துக்குத் தடையன்று.

துணிவதும் துணியாததும்

1672ஆம் ஆண்டு நூலின் அமைப்பு எளிமையானது. யாரோடு ஐக்கியம் கொள்ளத் துணியேன், யாரோடு துணிவேன் என்ற இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டு பனியன் ஒவ்வொன்றாக விடை சொல்கிறார். வெளிப்படையாகத் தீயொழுக்கத்தில் வாழ்வோருடன் திருவிருந்தில் அமரத் துணியமாட்டார். விசுவாசத்தாலும் ஒழுக்கத்தாலும் பரிசுத்தவான் என்று கண்கூடாகத் தெரியும் ஒருவர், நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறாதவராயினும், அவருடன் அமரத் துணிவார். முதற்கேள்விக்கு அவர் தரும் விடையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வாசிப்பவர்கள் பனியனை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் இளகிய மனத்தவராகக் காட்டிவிடுகின்றனர். அது பிழை. கதவைத் திறந்தே வைத்தவர் அல்லர் அவர். கதவின் தாழ் எங்கே இருக்கவேண்டும் என்பதே அவர் வாதம்.

ஞானஸ்நானம் விசுவாசியின் சொந்த விசுவாசத்தை ஊட்டி வளர்க்கும் அடையாளம் என்பது பனியனின் நிலை. அது ஒருவரைச் சபையின் உறுப்பினராக்குவதில்லை, பரிசுத்தவானாக்குவதுமில்லை. எனவே சபையில் சேர்வதற்கான வாசலாக அதனை நிறுத்தமுடியாது. எபேசியர் நிருபம் நான்காம் அதிகாரம் கூறும் ஒரே ஞானஸ்நானம் நீரைக் குறிப்பதன்று, ஆவியானவரின் ஞானஸ்நானமே அது என்று அவர் விளக்குகிறார். விசுவாசத்தில் பலவீனனை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ரோமர் நிருபம் 14ஆம் அதிகாரம் அவருடைய முதன்மைச் சான்று. வனாந்தரத்தில் 40 ஆண்டுகள் விருத்தசேதனமின்றியே இஸ்ரவேலர் தேவனுடைய சபையாக நடந்ததை யோசுவாவின் நூலிலிருந்து அவர் எடுத்துக்காட்டுவது இவ்வாதங்களுள் கூர்மையானது. விருத்தசேதனத்தின் இடத்தில் ஞானஸ்நானத்தை வைக்கும் சபைகளுக்கு இச்சான்றைத் தள்ளுவது எளிதன்று.

எதிர்த்தரப்பு

பனியனுக்கு எதிராக எழுதியவர்கள் அரசசபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவரைப் போலவே ஒடுக்கப்பட்ட லண்டன் பாப்டிஸ்டுகள். தாமஸ் பால் எழுதிய மறுப்புக்குச் செல்வ வணிகரும் போதகருமான வில்லியம் கிஃபின் முன்னுரை எழுதினார். ஹென்றி டான்வர்ஸும் எழுதினார். பனியனின் தாழ்ந்த பிறப்பை அவர்கள் ஏளனம் செய்ததாக 1673ஆம் ஆண்டு நூலில் அவரே சுட்டுகிறார். அதே நூலில், தம் பக்கத்துக்கு ஆதரவாக, காலஞ்சென்ற பாப்டிஸ்டுப் போதகர் ஹென்றி ஜெஸ்ஸியின் எழுத்தையும் இணைத்தார்.

ஏளனத்தை ஒதுக்கிவிட்டால், எதிர்த்தரப்பின் கேள்வி வலுவானது. கிறிஸ்து கட்டளையிட்ட ஒன்றை ஒருவரது தெளிவின்மையை முன்னிட்டுத் தள்ளிவைக்கலாம் என்றால், எந்தக் கட்டளையைத் தள்ளிவைக்க முடியாது? திருவிருந்தும் கட்டளைதானே? கிஃபின் 1681இல் இப்பொருளில் தனிநூலே எழுதினார். வெளிச்சம் கிட்டாத சகோதரனை அந்த வெளிச்சம் இல்லாமைக்காகத் தண்டிப்பது அன்பைக் குலைக்கும், சபையின் வளர்ச்சி சடங்கினும் பெரிது என்பதே பனியனின் பதில். இப்பதில் நெஞ்சைத் தொடுகிறது. கேள்வியை முழுதும் தீர்க்கவில்லை. வெளிச்சமின்மை எவ்விடத்தில் கீழ்ப்படியாமையாகிறது என்பதை யார் அளப்பது என்பது அப்படியே நிற்கிறது. இச்சிக்கல் அன்று எவராலும் தீர்க்கப்படவில்லை என்பதற்கு, 1677ஆம் ஆண்டின் லண்டன் பாப்டிஸ்டு விசுவாச அறிக்கையே சான்று. ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் உள்ள தொடர்பில் தங்களுக்குள் உடன்பாடில்லாமையால் அதனை வேண்டுமென்றே விட்டுவிட்டதாக அதன் பின்னிணைப்பு சொல்கிறது.

வாதநூல்களின் நடை கடுமையானது. ஓரிடத்தில் சொன்னதை மறுபடியும் சொல்வது. அவற்றில் மிளிரும் இடம், தமக்கு எந்தக் கட்சிப் பெயரும் வேண்டாம், கிறிஸ்தவன் என்ற பெயரே போதும், மற்றப் பட்டங்கள் எருசலேமிலிருந்தோ அந்தியோகியாவிலிருந்தோ வந்தவையல்ல என்று 1674இல் அவர் எழுதும் பகுதியாகும்.

எழில் மாளிகையின் வாசல்

கதையின் முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி சிறையில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே கதையை வாதநூல்களுக்கான விடையாகக் கொள்ளாமல், ஒரே மனத்தின் இருவேறு வெளிப்பாடாகக் கொள்வதே பொருந்தும்.

பயணி கிறிஸ்தியான் இடுக்கமான வாயிலில் நுழைந்து, சிலுவையடியில் சுமை நீங்கப்பெற்று, கடின மலையை ஏறிய பின்னரே ஒரு மாளிகையை அடைகிறான். இக்கட்டுரையில் அது எழில் மாளிகை எனப்படுகிறது. அது சபையின் உருவகம் என்பதில் வாசகர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மாளிகை இருக்கும் இடமே ஒரு வாதம். இரட்சிப்பின் வாயில் வேறு, சபையின் வாயில் வேறு. முன்னதைக் கடந்தவனே பின்னதைத் தட்டுகிறான். சுவரேறிக் குதித்து வந்த சடங்காசாரனும் மாய்மாலனும் மாளிகை வரை வரவேயில்லை, மலையடியிலேயே வழிதவறிப் போகின்றனர்.

மாளிகையின் காவலன் கிறிஸ்தியானைத் தன் விருப்பப்படி உள்ளே விடுவதில்லை. விவேகம் என்னும் பெண்ணை அழைக்கிறான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், இவ்வழியில் எப்படி வந்தாய், வழியில் என்ன கண்டாய் என்று அவள் வினவுகிறாள். பெயரைக் கடைசியில்தான் கேட்கிறாள். பின் முன்மதி, பக்தி, அன்பு ஆகிய மூவரும் வந்து மேலும் சிறிது உரையாடி அவனைக் குடும்பத்துக்குள் அழைத்துச் செல்கின்றனர். இரவு உணவு ஆயத்தமாகும் வரை உரையாடல் நீள்கிறது. பிறகு பந்தி. பந்தியில் பேச்செல்லாம் மலையின் தலைவரைப் பற்றியது.

இக்காட்சியில் நீர் இல்லை. ஞானஸ்நானம் பெற்றாயா என்ற கேள்வியும் இல்லை. கேட்கப்படுபவை எல்லாம் அனுபவத்தைப் பற்றியவை. பெட்ஃபோர்டு சபையில் சேர விரும்புவோர் தம் உள்ளத்தில் நிகழ்ந்த கிருபையின் செயலைச் சபைமுன் எடுத்துரைத்த நடைமுறையை இது அப்படியே ஒத்திருக்கிறது. அதே வேளை, நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக விசாரிக்கும் வாசல் இது. 1672ஆம் ஆண்டு நூலின் துணிதலும் துணியாமையும் இங்கே மனிதராகி நிற்கின்றன. வாதநூல் பல பக்கங்களில் நிறுவ முயன்றதை இக்காட்சி விவேகத்தின் வினாக்களில் முடித்துவிடுகிறது. இலக்கியத்தின் வலிமை என்று சொல்வதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவ்விளக்கத்துக்கு எதிரான சான்று ஒன்றும் உண்டு. 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் கிறிஸ்தியானின் மனைவி கிறிஸ்தியானாளும் மெர்சியும் பிள்ளைகளும் விளக்குவோன் வீட்டுத் தோட்டத்தில் குளிக்கின்றனர். பின் முத்திரை பெற்று வெண்ணாடை தரிக்கின்றனர். இதனை ஞானஸ்நானம் என்று கொள்வோர் உளர். ஆனால் ஓரக்குறிப்பில் பனியனே அதனைப் பரிசுத்தமாக்குதலின் குளியல் என்கிறார். அக்குளியல் நிகழ்வது சபையின் வாசலில் அன்று, விளக்குவோன் வீட்டில். எனவே அது ஞானஸ்நானத்தை நினைவூட்டினும், சபைக்குள் சேர்வதற்கான நிபந்தனையாக அமையவில்லை.

பனியனின் ஐக்கியத்துக்கு அவரே வைத்த வேறோர் எல்லையையும் இங்கே குறிப்பிடவேண்டும். பெண்கள் ஆண்களின்றித் தனியே கூடி ஜெபிப்பது தகாது என்று 1683இல் ஒரு சிறுநூல் எழுதினார். மறு ஆண்டே பெண்களின் பயணத்தைப் பாடுபொருளாக்கினார். அப்பயணத்துக்கும் ஓர் ஆண் வழித்துணையை நியமித்தார். நீரின் பெயரால் கதவடைக்க மறுத்தவர் இதில் அத்தனை தாராளம் காட்டவில்லை.

தமிழ்ச் சூழலில் இவ்வாதம்

பனியனின் வாதத்துக்கு அடியில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ அனைவரும் குழந்தைப் பருவத்தில் நீர் தெளிக்கப்பட்டவர்கள். பனியனும் 1628 நவம்பர் 30இல் எல்ஸ்டோ தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவரே. ஞானஸ்நானம் பெறாதவர் என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, குழந்தை ஞானஸ்நானத்தைச் செல்லாதது என்று கொண்டே சொன்னது. கிறிஸ்தவ உலகுக்குள் நடந்த வழக்கு அது. ஆகவேதான் ஞானஸ்நானத்தைப் புறநிலைக் கருமம் என்று அழைக்க அவருக்கு எளிதாயிற்று.

திருநெல்வேலியில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றபோது அது புறநிலைக் கருமமாக இருந்திருக்க முடியாது. உறவு, சாதி, உண்ணும் பந்தி ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் மாற்றி எழுதும் நிகழ்வாக அச்சமூகத்தில் ஞானஸ்நானம் விளங்கிற்று. அவரே பனியனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். நீரைக் கடந்து வந்த ஒருவர், நீரை வாசலாக்காத ஒரு நூலைத் தமிழாக்கினார் என்பது அக்காப்பிய ஆய்வில் இன்னும் உரிய கவனம் பெறவில்லை. கம்பனின் தாக்கம், பருவ அமைப்பு, தேவாரப் பாடல்கள் ஆகியவை பற்றிய ஆய்வுகள் பெருகிய அளவுக்குச் சபை பற்றிய அதன் பார்வை ஆராயப்படவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இக்கேள்வி வேறு வடிவில் எழுந்தது. கிறிஸ்துவை வழிபட்டும் ஞானஸ்நானம் பெறாது, எச்சபையிலும் சேராது தம் குடும்பங்களிலேயே வாழ்வோர் குறித்து ஹெர்பர்ட் ஹோஃபர் தமிழகத்தில் ஆய்வு செய்து 1991இல் நூலாக்கினார். இத்தகையோருக்குப் பனியனின் வாதநூல்கள் ஆதரவு என்று எடுத்துக்காட்டுவது பொருந்தாது. மாளிகையின் வாசலில் நின்று உள்ளே வர விரும்புகிறவனைப் பற்றியே அவர் வாதாடினார்; வாசலுக்கு வராதவனைப் பற்றி அந்நூல்கள் பேசவில்லை.

கதை பேசுகிறது. கிறிஸ்தியானின் தோழன் ஃபெயித்ஃபுல், பெயரிலேயே விசுவாசத்தை உடையவன், எழில் மாளிகையில் தங்கவில்லை. நண்பகலில் அவ்வழியே வந்தபோது சிங்கங்கள் உறங்குவதாக அவனுக்குத் தோன்றிற்று. பகல் இன்னும் மிகுதியாக இருந்ததால் காவலனைக் கடந்து மலையிறங்கிவிட்டதாகச் சொல்கிறான். கிறிஸ்தியான் அவனைக் கண்டிக்கவில்லை. நீ அங்கே நுழைந்திருந்தால், சாகும் நாள் வரை மறக்கமுடியாத பலவற்றை உனக்குக் காட்டியிருப்பார்கள் என்று வருந்துவதோடு நிறுத்திக்கொள்கிறான். பின்னர் மாயச்சந்தையில் கொல்லப்படுபவன் அவனே. கூட்டத்துக்கு அப்பால் காத்திருந்த தேர் அவனை ஏற்றிக்கொண்டு மேகங்களினூடே நேரே வானகரின் வாயிலுக்குச் செல்கிறது.