கழுகும் காகமும்: ஒரு மறுநோக்கு

தென்கிழக்கு அவுஸ்திரேலியப் பழங்குடிகள் பல கழுகுப் பிரிவு, காகப் பிரிவு என இரண்டாகப் பகுபட்டிருந்தன. இவற்றை முற்காலத்தில் மோதிய இரு இனங்களின் எச்சமெனக் கொண்டு, ஜோன் மத்தியூ 1899 இல் ‘கழுகும் காகமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். அம்மக்களிடையே திராவிடக் கலப்பையும் அவர் கண்டார். தமிழர் அதில் மகிழ்வதற்கு முன் கதைகளைக் கேட்டல் தகும்.

மேற்கு அவுஸ்திரேலியாவில் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுண் கேட்ட கதையொன்றிற் கழுகு தாய்மாமன், காகம் மருமகன். மாமன் மகளை மணக்கும் முறையுள்ளவன் மாமனுக்கு வேட்டையுணவு கொடுத்தல் கடன். காகமோ கொன்ற வலபியைத் தானே தின்றுவிட்டு வெறுங்கையுடன் வந்தது. மாமன் கூச்சங்காட்ட, தின்றது வாய்வழி வெளிவந்தது. நெருப்பில் உருட்டப்பட்ட காகத்தின் இறகு கரியாயிற்று. “வா, வா” என அலறிற்று.

இங்கு இனப்போர் எங்கே? உறவுக்கடன் தவறிய மருமகனையே காண்கிறோம். மத்தியூ வாழ்ந்த விக்டோரியாவிலேயே, குலின் மக்களுள் ‘வா’ எனப்பட்ட காகப் பிரிவினர் ‘புஞ்சில்’ எனப்பட்ட கழுகுப் பிரிவினரையே மணத்தல் விதி. ஒவ்வொரு தலைமுறையிலும் பெண் கொடுத்துப் பெண் கொள்ளும் இவ்விரு பிரிவினரையும் பகையினங்களின் வழித்தோன்றல்களாகக் காட்ட, கதைக்கு வெளியேயிருந்து ஓர் இனக்கோட்பாட்டைக் கொணரவேண்டியிருந்தது.