துல்லியம் என்றொரு சொல்

2020 ஏப்ரலில், சீனாவிலிருந்து வந்த ரேபிட் ஆன்டிபாடி கிட்டின் 'துல்லியம்' வெறும் 5.4 சதவீதம் என்று ராஜஸ்தான் அறிவித்தது. எதிர்பார்த்தது 90. ஏப்ரல் 21 அன்று ஐசிஎம்ஆர் இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொன்னது. 27 அன்று திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. தமிழ்நாடு வாங்கியிருந்த 24,000 கிட்டும் அதோடு முடங்கியது.

கிட் மோசம்தான். ஆனால் என் வழக்கு அந்தச் சொல்லோடு. ஏற்கெனவே தொற்று உறுதியானவர்களிடம் சோதித்துக் கிடைத்த எண் அது. அப்படியானால் அது சென்சிட்டிவிட்டி: நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது என்ற கணக்கு. நோய் இல்லாதவரைச் சரியாக விட்டுவிட்டதா என்பது வேறு கேள்வி, ஸ்பெசிஃபிசிட்டி. போதாததற்கு, ஆன்டிபாடி உருவாக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். எத்தனையாவது நாளில் எடுத்த ரத்தம் என்று தலைப்புச் செய்தி சொல்லவில்லை. எல்லாவற்றையும் 'துல்லியம்' விழுங்கிவிட்டது.

அந்தச் சொல் எவ்வளவு ஏமாற்றும் தெரியுமா? 1000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் 'இல்லை' என்று எழுதினாலும் 99 சதவீதம் துல்லியம்! ஒரு நோயாளிகூடச் சிக்கியிருக்க மாட்டார்.

பெருந்தொற்று போனது, சொல் போகவில்லை. நாகர்கோவிலில் சித்தி ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டாள். புற்றுநோய் மார்க்கர் ஒன்று கூடுதல். "டெஸ்ட் 90 சதவீதம் சரியா இருக்கும்னு சொன்னானே மக்கா, அப்போ எனக்கு 90 சதவீதம் இருக்குன்னுதானே?" மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் ஒன்றுமில்லை.

சித்தியின் கேள்விக்குப் பதில் டெஸ்டில் மட்டும் இல்லை, யாரைச் சோதிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. கணக்குக்காக ஒரு நல்ல டெஸ்ட்: நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 5 பேரைத் தவறாகப் பிடிக்கும். வடசேரி சந்தையில் 1000 பேர், 10 பேருக்கு நோய். சரியாகச் சிக்குவது 9, தவறாகச் சிக்குவது ஏறக்குறைய 50. 'பாசிட்டிவ்' வந்த 59 பேரில் நிஜம் 9 பேர். அதே டெஸ்டை, 1000 பேரில் பாதிக்கு நோயுள்ள ஒரு வார்டுக்குக் கொண்டுபோங்கள்: 475 'பாசிட்டிவ்', நிஜம் 450. டெஸ்ட் மாறவில்லை, சீட்டின் அர்த்தம் மாறிவிட்டது.

அந்த 9 பேருக்காக 59 பேரும் அடுத்த சோதனைக்குப் போகத்தான் வேண்டும். அதற்குள் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டாம். இதைச் சித்தியிடம் தாளில் எழுதிக் காட்டினேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உறங்கியிருப்பேன்லா" என்றாள்.