கருணைத்தொகை என்றொரு சொல்

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம்: கருணைத்தொகை. 2016 மார்ச்சில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குப் பணம் தர இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்புக்கொண்டது. தொழிலாளர்கள் பல வருஷமாகக் கேட்டது இழப்பீடு. கிடைத்தது கருணை. பணம் பணம்தானே, பேர்ல என்ன இருக்கு என்று கேட்கலாம். பேரில்தான் எல்லாமே இருக்கிறது. இழப்பீடு என்றால் இழப்பு ஒன்று உண்டு; இழக்கச் செய்தவர் ஒருவரும் உண்டு. கருணைக்கு அப்படியொரு முன்கதை தேவையில்லை. ஆலையால் தொழிலாளர் உடம்புக்குக் கேடு வந்ததற்கு ஆதாரமில்லை என்று சொல்லிக்கொண்டே கம்பெனியால் பணத்தை நீட்ட முடிந்தது.

மறைக்கப்படும் முன்கதை இது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஆலையை 1980களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. பாண்ட்ஸின் தாய்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபின், ஆலையும் அதன் கைக்குப் போனது. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது; தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போனது. வந்ததற்கும் போனதற்கும் சுங்கத்தில் கணக்கு உண்டு. மலையில் தங்கியது உடைந்த கண்ணாடியும் பாதரச ஆவியும். அதைச் சுவாசித்த உள்ளூர்ப் பையன்களின் நுரையீரலுக்கு எந்தத் துறைமுகத்திலும் ரசீது போடவில்லை.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டுவந்தன. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. போராட்டத்தின் பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் இதையும் கவனிக்க வேண்டும்: கழிவு எல்லை தாண்டுவதற்கு 1989ஆம் வருஷத்து பாசல் உடன்படிக்கை என்று ஒரு சட்டமாவது இருக்கிறது (அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி, இன்னும் ஏற்புறுதி தரவில்லை). சிறுநீரகத்திலும் நரம்பிலும் இறங்கிவிட்ட பாதரசத்தை எந்த உடன்படிக்கையின்கீழ் திருப்பி அனுப்புவது?

இங்கே பன்னாட்டு மூலதனத்தை மட்டும் வைதுவிட்டுப் போவது நமக்குச் சுலபம். அது பாதி உண்மைதான். எல்லைக்கு இந்தப் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, தொழிற்சாலைச் சட்டம் இருந்தது, ஆய்வுக்கு வரவேண்டிய அதிகாரிகள் இருந்தார்கள். ஆலை பதினேழு, பதினெட்டு வருஷம் ஓடியது. கழிவைக் கண்டுபிடிக்கக் காயலான் கடைக்குப் போனவர்கள் ஊர்க்காரர்களும் செயற்பாட்டாளர்களும்தான். பிறகு மண்ணைச் சுத்தம் செய்யவும் ஓர் அளவு வந்தது: கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம். ஆலைச் சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை. ‘இந்த அளவை உங்கள் நாட்டில் வைப்பீர்களா?’ என்று செயற்பாட்டாளர்கள் கம்பெனியைக் கேட்டார்கள். அதே கேள்வியை நம் அரசிடமும் கேட்டாக வேண்டும்: அந்த நாட்டுக்காரன் உடம்பு வேற, நம்மாள் உடம்பு வேறயா?

எல்லை தாண்டிய வணிகத்தில் லாபத்துக்கு முகவரி இருக்கிறது. பொறுப்பு மட்டும் இரண்டு நாட்டுக்கும் நடுவில் தொலைந்துபோகிறது. அப்படித் தொலைவதற்கு உதவும் சொற்களில் ஒன்று கருணைத்தொகை. எழுதுகிறவர்கள் இதைக் கம்பெனி அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் புழங்க விடலாகாது. எழுதும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே எழுதுவோம்: கேட்டது இழப்பீடு, தந்தது கருணைத்தொகை.